குழுவில் இருந்தவருக்கே நிதி: "அவர் எழுந்து வெளியே போய்விட்டார்" என்றால் போதுமா?

சுவர்க்காரன், வியாசர்பாடி:

வணக்கம். பத்து நாளாக மனதில் கிடப்பதை எழுதுகிறேன். நான் 17 வயதில் ஒரு பேனர் கம்பெனியில் வண்ணம் கலக்கிக் கொடுக்கப் போனவன். சினிமா பேனர், கட்-அவுட், கட்சிச் சுவர், கடைப் பலகை எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. கூட வேலை செய்த பாதிப் பேர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள், நானும் போனேன். 2020-ல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். நம்ம பக்கத்துச் சுவரிலும் ஒரு நாள் வரைய வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஆசை வந்தது.

போன வருடம், பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு கலை நல்கைக்கு, அதாவது கலைஞர்களுக்கான நிதியுதவிக்கு, விண்ணப்பம் கேட்டார்கள். வடசென்னைச் சுவர்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி இருந்தது. நடத்துவது யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஜீவா ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. எங்கள் தெருவில் பந்து ஆடி வளர்ந்த பையன்கள், கேரம் ஆடுகிற பெண்பிள்ளைகள், விடியற்காலை எழுப்பி அவர்களை மைதானத்துக்கு அனுப்புகிற அம்மாக்கள், இவர்களை அதில் வரைவதாகத் திட்டம். பட்டி, பிரைமர், இரண்டு கோட் வெளிச்சுவர் எமல்ஷன், சாரம் வாடகை, இரண்டு உதவியாளருக்கு நாள் சம்பளம் என்று பைசா சுத்தமாகக் கணக்கு எழுதினேன். மகள் டைப் அடித்துக் கொடுத்தாள்.

முடிவு வந்தது. மொத்தம் ஏழு பேர். எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போவது எனக்குப் புதிதில்லை, அதற்காக எழுதவில்லை. அந்த ஏழில் ஒன்று, தேர்வுக் குழுவில் இருந்த ஓர் ஓவியர் நிர்வாகியாக இருக்கும் அறக்கட்டளைக்குப் போயிருக்கிறது. இன்னும் இரண்டு பேர் அவரிடமே பயின்றவர்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் சொன்னார்கள்: "அறக்கட்டளை விண்ணப்பம் வந்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதனால் தப்பில்லை."

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் வெளியே போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து என் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். அதுதான் உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது சரியா?

ராயபுரம்வாசி:

அண்ணா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படித்தான். அடுத்த வருடம் போடுவதற்கு முன்னால் அந்த ஓவியரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வேலையைக் காட்டுங்கள். தெரிந்த முகம் என்றால் கை நீளும்.

சுவர்க்காரன், வியாசர்பாடி:

நல்ல மனதோடு சொல்கிறீர்கள் தம்பி, புரிகிறது. ஆனால் போய்ப் பார்த்தவனுக்குத்தான் கிடைக்கும் என்றால், போய்ப் பார்க்கத் தெரியாதவன் என்ன செய்வான்? கொருக்குப்பேட்டையில் என்னைவிட நன்றாகக் கை ஓடுகிற ஒருவர் இருக்கிறார். அவர் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க மாட்டார்.

தணிக்கைக்காரர், பெரம்பூர்:

தம்பி, நான் அரசுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு உறுத்துகிற அதே இடம் உச்ச நீதிமன்றத்துக்கும் உறுத்தியிருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1966-ல் இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீரிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாநிலத்தில் தலைமை வனப் பாதுகாவலராகப் பொறுப்பில் இருந்தவர், பதவியின் காரணமாகத் தேர்வுக் குழுவில் உறுப்பினர். அதே பணிக்கு அவரும் ஒரு போட்டியாளர். தன் பெயர் வந்தபோது அவர் குழுவில் உட்காரவில்லை, எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். கடைசியில் வரிசைப் பட்டியல் போட்டபோதும் இருந்தார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அவருக்கு எதிராகப் பதவி மூப்பு விஷயத்தில் மேல்முறையீடு செய்திருந்த அதிகாரியின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கிரைபாக் எதிர் இந்திய ஒன்றியம், 1969. "அவர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நாங்கள் சுயமாகத்தான் முடிவு செய்தோம்" என்று குழுவின் மற்ற உறுப்பினர்கள் சொன்னார்கள். ஐந்து நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போது ஒருவருடைய எண்ணம் மற்றவர்மேல் அவர்களுக்கே தெரியாமல் படியும் என்று சொன்னார்கள். போட்டியாளர்களை எடைபோடும் ஒவ்வொரு கட்டத்திலும் அவருடைய ஆதாயம் அவருடைய கடமையோடு மோதிக்கொண்டே இருந்தது என்றும் சொன்னார்கள். அவர் மனதில் உண்மையில் ஓரவஞ்சனை இருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை, இருந்திருக்கும் என்று நினைக்க நியாயமான இடம் இருந்தாலே போதும் என்றார்கள். மொத்தத் தேர்வும் ரத்து.

ஆகவே "எழுந்து வெளியே போய்விட்டார்" என்ற பதில், அரை நூற்றாண்டுக்கு முன்பே செல்லாது என்று முடிவான பதில். பணம் ஒரே பானையில் இருக்கிறது. ஏழு பேருக்குத்தான் இடம். உங்களுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தால் அவருடைய அறக்கட்டளை ஒரு படி மேலே போகும். உங்கள் தாளைத் திருத்தும்போதும் அவர் தன் தாளைத்தான் திருத்துகிறார்.

பறையாட்டம், புளியந்தோப்பு:

ஐயா சொல்வது வேலைக்கான தேர்வு. கலைக்கு இதை அப்படியே கொண்டுவந்தால் எங்களுக்கு ஆபத்து, அதையும் கேளுங்கள்.

நான் பறை அடிப்பவன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். புளியந்தோப்பு, வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பக்கம் பறையோ கானாவோ தெரிந்த நாற்பது ஐம்பது பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கொருவர் ஆசான், சீடன், மச்சான், பங்காளி, இல்லாவிட்டால் ஒரு காலத்தில் ஒரே குழுவில் இருந்து சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். உறவே இல்லாத ஆள்தான் நடுவராக வேண்டும் என்றால் யார் வருவார்? எங்கள் அடியில் எது சாவுக்கு, எது திருவிழாவுக்கு என்று காது பிரித்துக் கேட்காத ஒருவர் வருவார். அவருக்கு எல்லா அடியும் ஒரே சத்தம். அவர் சுத்தமானவராக இருப்பார், ஆனால் தவறாகத் தேர்ந்தெடுப்பார்.

என் வாழ்க்கையில் பாதி நாள் அப்படிப்பட்ட நடுவர்கள் முன்னால்தான் நின்றிருக்கிறேன். "கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா" என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஆட்கள் ஒன்றிரண்டு பேர் இப்போதுதான் குழுக்களுக்குள் போகிறார்கள். அதற்குள் "உறவு இருக்கிறது, வெளியே போ" என்று சட்டம் பேசினால், கதவு மறுபடி எங்களுக்குத்தான் மூடும்.

சுவர்க்காரன், வியாசர்பாடி:

அண்ணா, இது நான் யோசிக்காத பக்கம். நம்ம ஆள் குழுவில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தணிக்கைக்காரர், பெரம்பூர்:

பறையாட்டம் தம்பி சொன்னது கனமான வாதம். 1984-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஓர் ஒரிசா வழக்கில் இதே வாதம் வந்தது. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு குழு. அதில் சில உறுப்பினர்கள் தாங்களே புத்தகம் எழுதியவர்கள், அவர்களுடைய புத்தகங்களும் பரிசீலனையில் இருந்தன. ஜே. மொகபாத்ரா வழக்கு என்று பெயர். விஷயம் தெரிந்தவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை, அதனால் வேறு வழியில்லை என்று வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பாடம் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த வருடம் புத்தகம் விற்க வந்தவர்கள் இல்லையே, தெரிந்தவர்களிலேயே விற்க வராதவரைப் போடலாமே என்றது. இன்றைக்கு உன் புத்தகத்துக்கு நான் கை தூக்குகிறேன், நாளைக்கு என் புத்தகத்துக்கு நீ தூக்கு என்று உறுப்பினர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் வரும் என்பதையும் சொன்னது.

புளியந்தோப்புக்கும் இதுதான் விடை என்று நினைக்கிறேன். உறவே இல்லாதவரைத் தேட வேண்டியதில்லை. அந்த ஆண்டு அந்தப் பானையில் கை வைக்காதவரைத் தேடினால் போதும். ஐம்பது பேரில் இந்த வருடம் விண்ணப்பிக்காதவர் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் மூன்று பேர் உட்காரட்டும். அடுத்த வருடம் அவர்கள் விண்ணப்பிக்கட்டும், வேறு மூன்று பேர் உட்காரட்டும். குழுவில் இருப்பது ஒரு வருடத்து வாய்ப்பை விட்டுக்கொடுப்பது என்று ஆக வேண்டும். அதற்கு நியாயமான அமர்வுப் படியும் கொடுக்க வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு டீயும் பிஸ்கெட்டும் போதாது.

அமெரிக்காவின் தேசியக் கலை நிதியத்துக்கு 1990-ல் சட்டத்திலேயே எழுதினார்கள். விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரோ, அப்படிப்பட்ட அமைப்பில் வேலை பார்ப்பவரோ அந்த விண்ணப்பம் வரும் குழுவில் உட்காரக் கூடாது. ஒரே ஆள் தொடர்ந்து 3 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கலைஞர் அல்லாத, ஆனால் கலை அறிந்த பொதுமக்களும் இருக்க வேண்டும். அங்கேயும் கலை உலகம் சின்னதுதான், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான்.

பறையாட்டம், புளியந்தோப்பு:

விண்ணப்பிக்காதவர் உட்காரலாம் என்பது சரி, ஏற்கிறேன். ஆனால் ஆசான் உட்கார்ந்து சீடன் விண்ணப்பித்தால்? அதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. மனைவி, மகன், தம்பி என்று இரத்த உறவைத்தான் கேட்கிறார்கள். எங்கள் கலையில் மகனைவிடச் சீடன் நெருக்கம். என் ஆசான் இறந்தபோது கொள்ளிச்சட்டி தூக்கி முன்னால் நடந்தவன் நான். என் சீடன் மேடையேறினால் எனக்குத்தான் பெயர், அவன் தோற்றால் எனக்குத்தான் அவமானம். என்னிடம் அவன் தாளைக் கொடுத்து நடுநிலையாகப் பார் என்றால் நான் பொய் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.

தணிக்கைக்காரர், பெரம்பூர்:

அதைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறேன். 1985-ல் அசோக் குமார் யாதவ் வழக்கு என்று ஒன்று, அரியானா. அதில், அரசுப் பணியாளர் தேர்வாணையம் மாதிரி அரசியல் சட்டத்தின்படி அமைந்த இடமானால், உறவினர் வரும்போது மட்டும் உறுப்பினர் விலகினால் போதும், மற்ற தேர்வுக் குழுக்களில் முழுத் தேர்விலிருந்தும் விலக வேண்டும் என்றார்கள். கலை நல்கைக் குழு இரண்டாம் வகை. அங்கே மாற்று ஆளைப் போட எந்தத் தடையும் இல்லை. உறவு என்பதில் ஆசான் சீடனையும் சேர்த்து எழுதினால் முடிந்தது.

ஒருமுறை நடுவர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இப்படி ஒரு குழுவில் ஒரு முறை உட்கார்ந்தவன். எந்த ஊர், எந்தக் கலை என்று சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். மேசையில் 60 விண்ணப்பங்கள். ஐந்தரைக்கு முடிக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்றரை நிமிடம்தான் வரும். அவ்வளவு நேரத்தில் யாருடைய திட்டத்தையும் முழுதாகப் படிக்க முடியாது. அப்புறம் என்ன ஆகும்? தெரிந்த பெயரைப் பார்த்தால் கண் நிற்கும். "இவர் நல்லா செய்வார், எனக்குத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள், ஏனென்றால் ஒரு முடிவு சுலபமாகிவிட்டது. முதல் நாள் இரவு எனக்கு இரண்டு போன். இரண்டும் தெரிந்தவர்கள். "பார்த்துக்கோங்க" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் குழுவிலும் ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் வராந்தாவில் நின்றது கண்ணாடிக் கதவு வழியாக எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பத்து நிமிடத்தில் உள்ளே வருவார், பக்கத்து நாற்காலியில் உட்காருவார், மாலையில் ஒரே காரில் போக வேண்டும். அவர் வெளியே நிற்கும்போது அவருடைய விண்ணப்பத்துக்குக் குறைவாகப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகட்டும் என்று போட்டேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மிரட்டவில்லை, நல்ல மனிதர். இன்றுவரை அந்த மதிப்பெண் எனக்கு உறுத்தல்.

மதிப்பெண்ணைத் தனித்தனியாக, கூட்டத்துக்கு முன்பே வீட்டிலிருந்து போட்டு உறையில் கொடுக்கச் சொல்லியிருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பேச்சுக்குப் பிறகு மதிப்பெண்ணை மாற்றினால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். இது ஒன்று வந்தாலே பாதி சரியாகும்.

ராயபுரம்வாசி:

இதைப் படித்த பிறகு நான் மேலே சொன்ன யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். போய்ப் பாருங்கள் என்று நான் சொன்னதும் அந்த இரவு போனும் ஒன்றுதான்.

எண்ணூர்ப் பெண்:

சுவர்க்காரன் அண்ணா, நீங்கள் பெயர் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. ஏழு பேரில் நானும் ஒருத்தி. அந்த ஓவியரிடம் பயின்ற இரண்டு பேரில் ஒருத்தி.

நான் அவருக்கு விண்ணப்பித்ததைச் சொல்லக்கூட இல்லை. கழிமுகத்தில் சாம்பல் படிந்த தண்ணீரில் இறால் தடவுகிற பெண்களை நான்கு வருடமாக வரைகிறேன். அவர்கள் என் பெரியம்மாவும் அத்தையும். கையால் தடவி இறால் பிடிப்பதை நேரில் பார்க்காத யாராலும் அந்த உட்காரலை வரைய முடியாது. அந்த 32 வரைபடங்களைத்தான் இணைத்தேன். எனக்குக் கிடைத்தபோது வீட்டில் எல்லாரும் அழுதார்கள்.

இப்போது எங்கள் ஏரியாவில் "சாருடைய ஸ்டூடண்ட், அதான்" என்கிறார்கள். என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. நான் நன்றாக வரைந்ததால் கிடைத்ததா, அவர் முகத்துக்காகக் கிடைத்ததா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லாமல் செய்துவிட்டார்கள். இந்தக் குழப்பத்தில் உங்களுக்குப் பணம் போனது என்றால் எனக்குப் பெயர் போனது. சார்மேல் எனக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் அவர் அந்த வருடம் உட்கார்ந்திருக்கக் கூடாது. இதை அவரிடமும் சொல்வேன்.

சுவர்க்காரன், வியாசர்பாடி:

அம்மா, உன் படங்களை நான் பார்த்ததில்லை. எழுதியதை வைத்தே சொல்கிறேன், உனக்குக் கிடைத்திருக்க வேண்டியதுதான். உன் மனதைப் புண்படுத்த இந்த இழையை ஆரம்பிக்கவில்லை. ஏழில் இரண்டு பேர் என்று நான் எழுதியபோது அங்கே ஒரு பெண் இருப்பாள், அவளுக்குப் பெரியம்மா இருப்பாள் என்று யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

தகவல் மனு, தண்டையார்பேட்டை:

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது, இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். இரண்டு பேருக்கும் ஒரே வழிதான்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதலாம், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் எனக்குத் தரவில்லை" என்று கேட்காதீர்கள். அது கேள்வி, தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். தேர்வுக் குழுவை அமைத்த ஆணையின் நகல். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, அதாவது மினிட்ஸ், அதன் நகல். யார் எந்த நேரம் வெளியே போனார், எப்போது வந்தார் என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவர் வெளியே போனதற்கே எழுத்தில் சான்று இல்லை. நலன் முரண், அதாவது சொந்த ஆதாயமும் குழுக் கடமையும் மோதுவது, அது குறித்து உறுப்பினர்கள் கொடுத்த உறுதிமொழிகளின் நகல். மதிப்பெண் வழங்கிய அளவுகோல். உங்கள் விண்ணப்பத்துக்கான மதிப்பெண் தாள்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தானே பார்க்கலாம் என்று 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்தவர் தாளைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று பிரிவு 8(1)(ஜே)-ஐக் காட்டி மறுப்பார்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆனால் அவரவர் தாளை அவரவர் கேட்டால் அந்தச் சாக்கு நிற்காது. மானியத் திட்டங்களில் எவ்வளவு பணம், பயனாளி யார் என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4-ல் இருக்கிறது, அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

எண்ணூர்ப் பெண்:

அப்படியென்றால் என் தாளை நான் கேட்கலாம். அண்ணா அவருடையதைக் கேட்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பெயர் மறைத்துக் கொடுத்தால்கூட, ஐந்து உறுப்பினரில் ஒருவர் மட்டும் எனக்கு அதிகமாகவும் அண்ணாவுக்குக் குறைவாகவும் போட்டிருந்தால் தெரிந்துவிடும்.

தணிக்கைக்காரர், பெரம்பூர்:

மகளே, அதில் உனக்கு நஷ்டம் வரலாம். முழுத் தேர்வும் தப்பு என்று ஆனால் உன் நல்கையும் கேள்விக்கு உள்ளாகும். கிரைபாக் வழக்கில் மொத்தப் பட்டியலும்தான் போனது. யோசித்துச் செய்.

எண்ணூர்ப் பெண்:

யோசித்துவிட்டேன் ஐயா. மற்ற நான்கு பேர் போட்டதில் நான் தேறியிருந்தால் அது எனக்குத் தெரிய வேண்டும். தேறாவிட்டாலும் தெரிய வேண்டும். முதல் தவணையில் வாங்கிய வண்ணம் பாதி அப்படியே இருக்கிறது. திருப்பித் தரச் சொன்னால் தருகிறேன்.

பறையாட்டம், புளியந்தோப்பு:

நான் வேறு ஒரு குழுவில் வரும் வருடம் உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். என் சீடர்கள் மூன்று பேர் அதில் விண்ணப்பிப்பதாக இருக்கிறார்கள். இன்று மாலை பயிற்சியில் அவர்களிடமே கேட்டேன். "நீங்க உட்காராதீங்கண்ணா, நாங்க போடறோம்" என்றான் ஒருவன். இன்னொருவன், "இல்லண்ணா, நீங்க உட்காருங்க, நம்மாளு ஒருத்தர் இருக்கணும், நாங்க ஒரு வருஷம் பொறுக்கறோம்" என்றான். இன்னும் முடிவாகவில்லை. எதுவானாலும் எழுத்தில் தெரிவித்துவிடுவேன், வராந்தாவில் போய் நிற்க மாட்டேன்.

சுவர்க்காரன், வியாசர்பாடி:

மனுவை மகள் டைப் அடித்துவிட்டாள். தண்டையார்பேட்டைத் தம்பி சொன்ன வரிசைப்படியே கேட்டிருக்கிறோம். எண்ணூர்ப் பெண்ணும் அவளுடையதை எழுதிவிட்டாளாம். திங்கட்கிழமை 11 மணிக்கு இரண்டு பேரும் ஒரே ஜன்னலில் கொடுத்து, தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறோம். அவள் 32 படங்களையும் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறாள், நான் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.